முப்பத்தொன்று

எண்ணை வாசித்ததும் முதலில் அழுதவர் லோகநாதன். அதுவும் தனக்காக அழவில்லை, தம்பிக்காக அழுதார்.

"பாவமுங்க இவன். ஒரு மாசமா எண்ணெய்ப் பலகாரம் தொடல, தெனமும் அஞ்சு கிலோமீட்டர் நடந்தான். எல்லாம் எனக்குக் குடுக்கறதுக்குத்தானுங்க," என்றார் ஜெசிந்தாவிடம். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. வயிற்றில் நீர் கோத்திருந்ததால் சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் இரண்டும் திறந்தே கிடந்தன. கண்ணின் வெள்ளை மஞ்சளாகி இருந்தது.

ஜெசிந்தா அந்த மருத்துவமனையில் உறுப்பு தருபவர்களுக்கும் பெறுபவர்களுக்கும் நடுவே இருந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்பவள். ஐம்பதை நெருங்கும் வயது. எதையும் இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லாதபடி நிதானமாகப் பேசுவாள். திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். நடுவில் 31 என்று மட்டும் இருந்தது.

தரணிதரன் தன் கல்லீரலில் பாதிக்கு மேல் அறுத்துக் கொடுத்தால், ஓராண்டு கழித்து அண்ணன் உயிரோடு இருக்க நூற்றுக்கு முப்பத்தொரு வாய்ப்பு. அதுதான் அந்த எண்ணின் பொருள். கணிக்கும் எந்திரத்துக்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. நோயாளிகளின் குடும்பங்கள் அதை 'மார்க்' என்றே சொல்லின. "மார்க் வந்துருச்சா?" என்றுதான் வராந்தாவில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். அறுபதுக்குக் கீழே மார்க் வந்தால் உயிரோடிருப்பவரை அறுத்து உறுப்பு எடுக்கக்கூடாது என்பது சட்டம். வீணாகப் போகிற வேலைக்காக நல்ல உடம்பில் கத்தி வைக்கலாமா என்று பத்து வருடங்களுக்கு முன் பெரிய விவாதம் நடந்து வந்த சட்டம் அது.

லோகநாதனின் மனைவி சௌந்தர்யா அழவில்லை. "இதுக்கு மேல யாரு குடுக்கலாமுங்க?" என்று கேட்டாள்.

தரணிதரன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அண்ணனின் கனத்த கை அவன் பிடரியில் விழுந்தது. மோட்டார் பாகங்கள் கடையும் லேத் பட்டறையில் முப்பது வருடம் இரும்பு பிடித்த கை.

"விடுறா தரணி. உம்பட தப்பா இது? உடம்பு பொருந்தலைன்னா நீ என்ன சாமி பண்ணுவ?"

தரணிதரனுக்குக் காது மடல் எரிந்தது. ஏனென்றால் அந்த முப்பத்தொன்று பொய். அது பொய் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி அதை வாசித்தவள். மற்றவன் அதைக் கேட்டு வாங்கியவன்.

*

தரணிதரனுக்கு நாற்பத்தொரு வயது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் தர ஆய்வாளன். பெண் தேடித் தேடி அலுத்துப்போய், இனிக் கல்யாணம் இல்லை என்று வீட்டிலும் அவனும் பேசாமலே முடிவு செய்து ஐந்தாறு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கணபதியில் அண்ணன் வீட்டில் சாப்பாடு. திங்களன்று கம்பெனிக்கு எடுத்துப்போகவும் அண்ணி ஏதாவது கட்டிக் கொடுத்துவிடுவாள். மனைவி அழுவாள், குழந்தை சின்னது என்று காரணம் சொல்லவும் அவனுக்கு ஆளில்லை.

அண்ணனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. சர்க்கரையும் உடம்புக் கொழுப்பும் சேர்ந்து கல்லீரலைச் சுருக்கிவிட்டன. 'நான் குடுக்கறேன்' என்று முதலில் சொன்னவன் தரணிதரன்தான். யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னான். சொன்னபோது அது உண்மை.

சோதனைகளின் மூன்றாம் வாரத்தில்தான் அந்த உண்மை ஆடியது. அறுவை மருத்துவர் அனீஸ் பாத்திமா, ஸ்கேன் படத்தை வைத்து அச்சிட்ட அவனுடைய கல்லீரலின் பிசின் வார்ப்பை அவன் கையில் கொடுத்தார். அச்சியந்திரத்திலிருந்து அப்போதுதான் எடுத்திருந்தார்கள், இளஞ்சூடாக இருந்தது. நடுவே ஒரு சிவப்புக் கோடு.

"இந்தக் கோட்டுலதான் பிரிப்போம். பிரிச்சுப் பாருங்களேன்," என்றார்.

தரணிதரன் பிடித்து இழுத்தான். டிபன் டப்பா திறப்பதுபோல் ஒரு சத்தத்தோடு அது இரண்டாயிற்று. பெரிய துண்டு வலது கையில், சின்னது இடது கையில். வலது கையிலிருந்தது அண்ணனுக்கு. சின்னதை வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போக வேண்டும்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. குளிக்கும்போது விலா எலும்புக்குக் கீழே கை படாமல் சோப்புப் போட்டான். டாக்டர் சொன்னதெல்லாம் அவனுக்குப் புரிந்துதான் இருந்தது. மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும், தழும்பு மட்டும் மிஞ்சும், எல்லாம் தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் தனி விசாரணை. உறுப்பு தருகிற ஒவ்வொருவரையும் குடும்பத்தார் யாரும் இல்லாமல், கதவைச் சாத்தி, ஒருமுறை கேட்டாக வேண்டும் என்பதும் சட்டம்.

"இந்த ரூம்ல பேசறது இந்த ரூமோட முடிஞ்சுரும்," என்றாள் ஜெசிந்தா. "உங்களுக்கு மனசார சம்மதமா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லலாம். ஏன்னு நான் கேக்க மாட்டேன். வெளிய நான் பாத்துக்கறேன்."

"எப்படிங்க பாத்துக்குவீங்க?"

"முன்னெல்லாம் டாக்டருங்க ரத்தக்குழாய் சரியில்ல, அது இதுன்னு ஏதாச்சும் சொல்லிக் காப்பாத்துவாங்க. வீட்டுல நம்ப மாட்டாங்க. வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி மறுபடியும் டெஸ்ட் எடுப்பாங்க. இப்ப மார்க் இருக்கு. அதைக் கம்மியா வாசிச்சுட்டா யாரும் எதுத்துக் கேக்கறதில்ல. அதுக்குச் சட்டத்துலயே இடம் இருக்கு. உண்மையான மார்க் உள்ள பத்திரமா இருக்கும், வெளிய வராது."

அவன் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "எங்களுக்கு நெசமா வந்தது எத்தனைங்க?" என்று கேட்டான்.

"அதைத் தெரிஞ்சுக்கிட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"பரவால்லைங்க, சொல்லுங்க."

"எம்பத்தொம்பது. அண்ணன் தம்பிக்குள்ள இப்படி ஒரு பொருத்தம் வந்து நான் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

"எனக்கு?"

"உயிருக்கு ஆபத்துன்னா ஐந்நூறு பேருல ஒருத்தருக்கு."

ஐந்நூறு பம்பில் ஒன்று பழுது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவன் அவன். அன்றைக்கு அந்த ஒன்று தான்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

"வேண்டாமுங்க," என்றான். மூச்சு விடாமல் அடுத்த வார்த்தை வந்தது. "இது யாருக்கும் தெரியாதில்லீங்க?"

தெரியாது என்றாள். அவன் வாசல் வரை போய்த் திரும்பி அதையே இன்னொரு முறை கேட்டான்.

பின்னாளில் யோசிக்கும்போது, வேண்டாம் என்று சொன்னதைவிட இந்த இரண்டாம் முறை கேட்டதுதான் அவனை அதிகமாகக் கூச வைத்தது.

*

அடுத்த வாரம் சௌந்தர்யாவுக்குச் சோதனை நடந்தது. அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாற்பத்து மூன்று வயது, நாற்பத்தொன்பது கிலோ. லோகநாதன், வயிற்று நீரைக் கழித்துப் பார்த்தாலும், தொண்ணூறைத் தாண்டுவார். மகள் மிருதுளாவுக்குப் பதினைந்து வயதுதான், அவள் தர முடியாது. வேறு ரத்த உறவு என்று சொல்ல யாருமில்லை.

மார்க் அறுபத்து நான்கு வந்தது.

டாக்டர் அனீஸ் பாத்திமா லோகநாதனின் தொழிலைத் தெரிந்து வைத்துக்கொண்டு விளக்கினார். "பெரிய கிணத்துக்குச் சின்ன மோட்டார் போடற மாதிரி. முதல் சில வாரம் ரொம்பத் திணறும். தாக்குப் பிடிச்சுட்டா வளந்துரும். இவங்களுக்கும் மிச்சம் இருக்கறது குறைவாத்தான் இருக்கும். தேற நாளாகும்."

"அறுவத்தி நாலுன்னா பாஸ்தானுங்களே டாக்டர்?" என்றாள் சௌந்தர்யா.

லோகநாதன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்கும் தனி விசாரணை நடந்தது. சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அறுவைக்கு நாள் குறித்தார்கள். ஒன்பது நாள் இருந்தது.

இரண்டாம் நாள் தரணிதரன் கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஜெசிந்தாவிடம் போனான்.

"நான் குடுக்கறேனுங்க," என்றான்.

அவள் வியக்கவில்லை. நாற்காலியைக் காட்டினாள். "தாராளமா. இன்னைக்கே மாத்தலாம். மறுகணிப்புன்னு போட்டா திரையில எம்பத்தொம்பது வந்துரும். ஆனா முப்பத்தொண்ணு எப்படி எம்பத்தொம்பது ஆச்சுன்னு உங்க அண்ணன் கேப்பாரே, அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும்."

"மெஷின் தப்பாக் கணக்குப் போட்டுருச்சுன்னு சொல்லக்கூடாதுங்களா?"

"சொல்லலாம். அப்பறம் இங்க வர்ற ஒருத்தரும் எந்த மார்க்கையும் நம்ப மாட்டாங்க. உங்க அண்ணி மார்க்கையும் சேத்து. அதை மட்டும் என்னால செய்ய முடியாது தரணி."

"நான் பயந்துட்டேன்னு சொல்லோணுமா?"

"அதுதானே நடந்தது?"

"ஆமாங்க."

"அப்ப அதைத்தான் சொல்லணும். ஒரே ஒரு வாக்கியம்."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றான். ஓட்டுநர் இல்லாத பேருந்துகள் இரண்டு வந்து, அவனுக்காகக் கதவைத் திறந்து காத்திருந்து, மூடிக்கொண்டு போயின. கத்தியின் பயம் இப்போது பாதியாகக் குறைந்திருந்ததை அவன் கவனித்தான். அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. ஈரலைக் கொடுக்கக்கூட ஒருவேளை துணிந்துவிடுவான். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கொடுக்க முடியாது என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்று போனான். லோகநாதன் இரண்டு கரண்டி ரசம் சோற்றுக்கு மேல் சாப்பிடவில்லை. கூடத்துச் சோபாவில் சாய்ந்தபடி, பட்டறைப் பையன்களிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"எந்தம்பி ரெடியா இருந்தான்டா. மார்க்குதான் விடல. அந்த முப்பத்தொண்ணைக் கேட்டு அவன் மூஞ்சி போன போக்கைப் பாத்திருக்கோணும் நீங்க."

போனை வைத்ததும் தரணிதரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அண்ணா, அந்த மார்க்கு..."

"அதையே நெனச்சுட்டு இருக்காத கண்ணு," என்று அவர் குறுக்கே சொன்னார். "எனக்குத் தெரியும். நீ அன்னிக்கு இருந்து சரியாத் திங்கறதுகூட இல்லைன்னு உங்க அண்ணி சொல்றா. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. நீ குடுக்கறேன்னு சொன்ன பாத்தியா, எனக்கு அதுவே குடுத்த மாதிரி."

அவர் கண் கலங்கியது. தரணிதரன் எழுந்து, கை கழுவப் போகிறவன்போல் கொல்லைப்பக்கம் போனான். கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவினான்.

திங்கள், செவ்வாய், புதன். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. அண்ணன் தூங்குகிறார். மிருதுளா கூட இருக்கிறாள். அண்ணிக்கு நாளை கடைசி ரத்தச் சோதனை, இப்போது போய்க் குழப்பக்கூடாது. வியாழக்கிழமை காலை ஆறரைக்கு சௌந்தர்யாவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். அவன் அந்த வண்டியோடு கதவு வரைக்கும் நடந்தான். அதற்கு மேல் போக அனுமதியில்லை என்று ஒரு நர்ஸ் கையை நீட்டித் தடுத்தபோது அவனுக்கு உண்டானது நிம்மதி. அதை நிம்மதி என்று அடையாளம் கண்டதும் அந்தச் சுவரிலேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

*

இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஆனால் டாக்டர் சொன்ன அந்தத் திணறலுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

லோகநாதன் ஐம்பத்திரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். மஞ்சள் இறங்கவில்லை. வயிற்றில் பொருத்திய குழாயில் தினமும் லிட்டர் கணக்கில் நீர் வந்தது. இரண்டு முறை, வீட்டாரை வரச்சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சௌந்தர்யாவுக்கு எட்டாம் நாள் வெட்டிய இடத்தில் பித்தநீர் கசிந்தது. மறுபடி மயக்கம் கொடுத்து, விலாவில் ஒரு குழாய் வைத்து, அதில் ஒரு பை தொங்கவிட்டார்கள். ஆறு வாரம் அந்தப் பை அவள் கூடவே இருந்தது.

தரணிதரன் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு மருத்துவமனையிலேயே கிடந்தான். மருந்து வாங்கி வந்தான். ரத்தம் கொடுக்க ஆள் பிடித்தான். மிருதுளாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்தான். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி தன் மகனைக் கூப்பிட்டு அவனைக் காட்டிச் சொன்னாள். "கூடப் பொறந்தவன்னா இப்படி இருக்கோணும், பாத்துக்க." அவன் அங்கிருந்து எழுந்து போய், வேலையே இல்லாமல் மாடிப்படியில் நான்கு மாடி ஏறி இறங்கினான்.

ஒரு காலை சௌந்தர்யா தன் படுக்கையிலிருந்து இறங்கி, பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடி வரைக்கும் போக நடந்தாள். ஐம்பதடி தூரம். பாதியில் நின்றுவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. தரணிதரன் ஓடிப்போய்க் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மிச்சத் தூரத்தை நடந்தாள். பார்த்தும் வலியில் கருத்தில் படவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அன்று ஜெசிந்தாவை வராந்தாவில் நிறுத்திக் கேட்டான்.

"என்கிட்ட இருந்து எடுத்திருந்தா இப்படி ஆகியிருக்காதில்லீங்க?"

"தெரியாது."

"எம்பத்தொம்பதுங்களே."

"எம்பத்தொம்பதுன்னாலும் பதினொரு பேர் போறாங்க தரணி. அந்த மெஷினுக்குப் பதினெட்டாயிரம் பேரோட கதை தெரியும். அதை வெச்சு இவரை மாதிரி நூறு பேரு எப்படி இருப்பாங்கன்னு சொல்லும். உங்க அண்ணன் யாருன்னு அதுக்குத் தெரியாது." அவள் கொஞ்சம் தயங்கினாள். "தெரியாதுங்கறதை நீங்க ஆறுதலா எடுத்துக்கலாம். தண்டனையாவும் எடுத்துக்கலாம். அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

*

ஓராண்டு முடிந்தது. எந்திரத்துக்கு முடிவைச் சொல்லியாக வேண்டும். அதுவும் சட்டம்தான். லோகநாதன் குடும்பத்தோடு அந்த அறைக்கு வந்தார். இருபது கிலோ இளைத்திருந்தார், மருந்தின் விளைவாகக் கை நடுங்கியது, சொன்னது சில நேரம் மறந்தது. ஆனால் கண் வெள்ளையாக இருந்தது. ஜெசிந்தா 'உயிருடன்' என்ற கட்டத்தைத் தொட்டாள். நர்ஸுகள் கைதட்டினார்கள். லோகநாதன் எழுந்து நின்று எல்லோரையும் கும்பிட்டார்.

தரணிதரன் கைதட்டினான். வீடு திரும்பும்போது, இனியும் இதை வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று முடிவு செய்தான். அண்ணன் நன்றாக இருக்கிறார். இனிச் சொன்னால் யாருக்கும் கெடுதல் வராது. முதலில் அண்ணியிடம், பிறகு அண்ணனிடம்.

மறுநாள் மாலை நான்கு மணிக்குப் போனான். அண்ணன் உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். சௌந்தர்யா சாப்பாட்டு மேசையில் பழைய துணியை விரித்து, நின்றபடி கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"நின்னு பழகறேனுங்க தம்பி. கம்பெனியில எட்டு மணி நேரம் நிக்கோணும். போன மாசம் இருவது நிமிசத்துக்கே கண்ணைக் கட்டுச்சு. இன்னைக்கு ஒரு மணி நேரம் தாண்டிருச்சு, பாருங்க." விலாவுக்குக் கீழே ஒரு பட்டை கட்டியிருந்தாள். தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்குகிறது என்று கட்டச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லோணும். அந்த முப்பத்தொண்ணு..."

கத்தரி நிற்கவில்லை. "தெரியுமுங்க," என்றாள்.

அவன் அந்தக் கத்தரியையே பார்த்தான்.

"நெசமா எத்தனைன்னு தெரியாது. முப்பத்தொண்ணு இல்லைன்னு தெரியும்."

"ஜெசிந்தா மேடம் சொன்னாங்களா?"

"அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லலீங்க. சொல்லவே வேண்டாமே. என்னையும் அதே ரூமுக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்தித்தானே கேட்டாங்க? 'உங்களுக்கு இஷ்டமில்லைன்னா சொல்லுங்க, மார்க்கைக் கம்மியா வாசிச்சுக்கறேன், யாருக்கும் தெரியாது'ன்னாங்க. கேட்ட நிமிசமே எனக்கு விளங்கிப்போச்சு."

தரணிதரன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு எளிய விஷயம் தனக்கு ஒரு வருடமாகத் தோன்றவே இல்லையே என்று நினைத்தான். அந்த அறை ஒருவனுடைய ரகசியத்தைக் காப்பாற்றும். அவனுக்கு அடுத்து அதற்குள் நுழைபவர் வரைக்கும்தான் காப்பாற்றும்.

"நான் வேண்டாம்னு சொல்லத்தானுங்க உள்ள போனேன்," என்றாள் சௌந்தர்யா. இப்போதுதான் கத்தரியைக் கீழே வைத்தாள். "எனக்கும் பயந்தான். மிருதுளாவுக்கு அப்ப பதினஞ்சு வயசு. ரெண்டு பேருக்கும் ஒண்ணா ஏதாச்சும் ஆயிருச்சுன்னா அவ யாருகிட்டப் போவா? வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்பறம் நெனச்சுப் பாத்தேன். வெளிய போறதுக்கு ஒரு கதவுதான் இருந்துச்சு. அதுல நீங்க முந்திப் போயிட்டீங்க. நானும் போயிட்டா அவருக்கு யாரு இருக்கா? கையெழுத்தைப் போட்டுட்டு வந்துட்டேன்."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே அண்ணி."

"கேட்டிருக்கலாம். ஒம்பது நாள் இருந்துச்சு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசை மேல் கிடந்த வெட்டுத் துணிகளைப் பார்த்தான். ஒன்றுபோலவே எல்லாவற்றிலும் ஓரம் நேராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தனக்குச் சோறு போட்டது இந்தக் கைதான், ஒரு வருடமாகத் தெரிந்தே போட்டிருக்கிறது என்பது மெல்ல மெல்ல அவனுக்கு உறைத்தது. குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அவன் தட்டை நீட்டியிருக்கிறான்.

"அண்ணன் எந்திரிச்சதும் சொல்லிடறேன்," என்றான்.

"வேண்டாம்."

"இல்லீங்க அண்ணி, இனிமே என்னால..."

"உங்களால முடியாதுன்னுதான் சொல்லப் போறீங்க. சொன்னீங்கன்னா உங்க பாரம் எறங்கிரும். எறக்குனது எங்க போகும்? அவரு தலைக்குப் போகும். இப்பத்தான் வாசல் வரைக்கும் நடக்கறார். தம்பி குடுக்காம விட்டான், பொண்டாட்டி தெரிஞ்சே அறுத்துக்கிட்டான்னு ரெண்டையும் சேத்து அவரு சொமக்கோணுமா?"

"என்னைத் திட்டவாச்சும் திட்டுங்க."

"திட்டுனா முடிஞ்சுரும்லீங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. அளவு சொல்கிறவளைப்போல் சொன்னாள்.

போனில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சௌந்தர்யா அதை எடுத்து நிறுத்தினாள்.

"வர்ற திங்கக்கெழமையில இருந்து வேலைக்குப் போறேன். காத்தால அஞ்சேகாலுக்கு வேன் வந்துரும், திரும்பறதுக்கு ஏழு ஆயிரும். அவருக்கு மாத்திரை காலையில ஆறு, சாயங்காலம் ஆறு. அஞ்சு நிமிசம் முன்னப்பின்ன ஆகக்கூடாது. விட்டா உள்ள வெச்ச ஈரலை உடம்பே வெளிய தள்ளிருமாம். அவருக்குக் கை நடுங்குது, போட்டமா போடலையான்னும் மறந்துடறார். மிருதுளாவை நம்பி விட முடியாது, அவளுக்குப் பரீட்சை. நீங்க வந்து குடுங்க."

"எத்தனை நாளைக்குங்க அண்ணி?"

"அவரு இருக்கற வரைக்கும் மாத்திரை உண்டுங்க," என்றாள் சௌந்தர்யா.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் தரணிதரன் வந்துவிட்டான். லோகநாதன் குளித்து, திருநீறு பூசி, கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கடிகாரம் ஆறைக் காட்டியதும் தரணிதரன் டப்பாவைத் திறந்து, மாத்திரைகளை எண்ணி, அண்ணனின் நடுங்கும் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தான். கீழே விழாமலிருக்கத் தன் கையையும் அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டான்.

"உனக்கு எதுக்குடா இந்தச் செரமம்?" என்றார் லோகநாதன். "கம்பெனிக்கு வேற போகோணும். நீ மட்டும் இல்லைன்னா நான் இந்நேரம் எங்க சாமி இருப்பேன்?"

அவர் சிரித்தபடி பதிலுக்காக முகத்தைப் பார்த்தார்.

"தண்ணி குடிங்க அண்ணா," என்றான் தரணிதரன்.

கடைசி மாத்திரையும் தொண்டையைத் தாண்டும் வரை நின்று பார்த்தான். டம்ளரைக் கழுவி வைத்தான். மறுபடி சாயங்காலம் ஆறு மணிக்கு வர வேண்டும்.